திமிங்கிலமும் கூனி இறாலும்

மலைநாட்டுச் சமையலறைகளிலே கூனி இறாலுக்கென்று ஓர் இடம் உண்டு. ஹட்டனிலும் டிக்கோயாவிலும் கடைகளில் அளந்து வாங்கப்படும் அந்தச் சிறு கருவாடு, தேங்காய்ப்பூவோடும் செத்தல் மிளகாயோடும் சேர்ந்து சம்பலாகித் தோட்டத்து லயங்களில் சோற்றுக்கும் ரொட்டிக்கும் துணையாகின்றது. ஒரு கைப்பிடிக் கூனியில் எத்தனை இறால் உண்டென்று எண்ணத் தொடங்கியவர் பாதியிலேயே கைவிட்டிருப்பர். அத்துணைச் சிறியவை அவை. உலகில் இன்று வாழும் உயிர்கள் அனைத்தினும் பெரியதான நீலத் திமிங்கிலம், இலங்கையைச் சூழ்ந்த கடலிலே இந்தக் கூனியின் குடும்பத்தைச் சேர்ந்த சிற்றிறால்களையே பெரிதும் உண்டு வாழ்கின்றது என்று கூறினால் நேயர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் அது மெய்யே. அந்தப் பேருடல் இந்தச் சிற்றுணவால் எங்ஙனம் வளர்கின்றது, அவ்வுணவைத் தேடி அது கரைக்கு அருகே வருவதேன், அங்கே அதற்கு நேரும் ஆபத்து யாது என்பவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

திமிங்கிலம் மீன் அன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். பசுவைப் போலவும் யானையைப் போலவும் அது குட்டி ஈன்று பாலூட்டும் பிராணி. அதன் குருதி வெப்பமுடையது. செவுள்கள் அதற்கு இல்லை. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டும். அவ்வாறு வரும்போது தலையின் உச்சியிலுள்ள துளையால் வெளியேறும் மூச்சு, வெண்ணிற ஆவித் தூணாக எழுந்து தூரத்திலிருந்தும் தெரியும். திமிங்கிலம் என்னும் சொல்லே வடமொழியிலிருந்து வந்தது. திமி என்னும் பெருமீனை விழுங்குவது என்பது அதன் பொருள். ஆனால் நீலத் திமிங்கிலத்தைப் பொறுத்தவரை இப்பெயர் பொருந்தவில்லை. அதன் தொண்டை உடலின் பருமனை நோக்க மிகக் குறுகியது. பெருமீன் எதனையும் அதனால் விழுங்க இயலாது.

தென்துருவக் கடலில் வாழும் நீலத் திமிங்கிலம் 30 மீற்றர் நீளம் வரை வளர்வது உண்டு. இந்து சமுத்திரத்தின் வடபகுதியில் வாழ்வது சற்றுச் சிறிய வகை. எனினும் ஹட்டன் பாதையில் ஓடும் பஸ்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால்தான் அதன் நீளத்துக்கு ஈடாகும்.

திமிங்கிலங்கள் இரு பெரும் பிரிவினவாகும். ஒன்று பல்லுடைய பிரிவு. இலங்கைக் கடலில் அடிக்கடி காணப்படும் எண்ணெய்த் திமிங்கிலம் இப்பிரிவைச் சேர்ந்தது. ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு மூழ்கி, ஒளியற்ற இருளிலே தன் தலையிலிருந்து எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டு இரையிருக்கும் இடத்தை அறிந்து, கணவாய்களைப் பிடித்து உண்ணும் வல்லமை உடையது. மற்றையது பல்லில்லாப் பிரிவு. நீலத் திமிங்கிலம் இதன் தலையாய உறுப்பு. பல்லுக்குப் பதிலாக அதன் மேல்தாடையின் இரு புறமும் நூற்றுக்கணக்கான தகடுகள் சீப்பின் பற்களைப் போல் வரிசையாகத் தொங்குகின்றன. மனிதனுடைய நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளாலேயே அவையும் ஆனவை. தகடுகளின் உள்விளிம்பு நார்நாராகப் பிரிந்து ஒன்றோடொன்று பின்னி, ஒரு பெரிய வடிகட்டியாக அமைந்துள்ளது.

இனி, அது உண்ணும் முறையைக் காண்போம். சிற்றிறால்கள் செறிந்து மொய்க்கும் ஓரிடத்தை அணுகியதும், திமிங்கிலம் வேகத்தைக் கூட்டிப் பாய்ந்து வாயை அகலத் திறக்கின்றது. மோவாய் தொடங்கி வயிற்றின் நடுப்பகுதி வரை அதன் தோலில் நீண்ட மடிப்புகள் உள்ளன. வாய் திறந்ததும் கொசுவம் விரிவதைப் போல அம்மடிப்புகள் விரிந்து, கீழ்த்தாடை ஒரு பெரும் பையாகிவிடுகின்றது. தன் உடலின் எடைக்கு நிகரான, சில வேளைகளில் அதனினும் மிகுந்த நீர் சில விநாடிகளுள் அப்பையில் நிறைகின்றது. பின்னர் வாயை மூடி, தொண்டைப் பையைச் சுருக்கி, நீர் முழுவதையும் தகடுகளின் வழியே வெளியே தள்ளுகின்றது. நீர் போய்விடும், இறால் தங்கிவிடும். தேநீரை வடிக்கும்போது சாயம் கோப்பையிலும் சக்கை வடியிலும் நிற்பதை ஒத்த செயல் இது. ஒரே மூழ்கலில் இவ்வாறு பன்முறை பாய்ந்துண்டபின், மூச்சுக்காக மேலே வந்து சிறிது நேரம் இளைப்பாறும். மீண்டும் வாற்றுடுப்பை உயர்த்தி ஆழத்திற் செல்லும்.

இத்தகைய பாய்ச்சல் எளிதான காரியம் அன்று. வாயைத் திறந்தவுடன் நீரின் தடையால் அதன் வேகம் முழுவதும் குன்றிவிடுகின்றது. அடுத்த பாய்ச்சலுக்கு மீண்டும் உடலை உந்தி விரைவு பெறவேண்டும். ஆகவே இறால்கள் ஐதாகச் சிதறியுள்ள நீரில் வாயைத் திறந்தால், பெறும் உணவைக் காட்டிலும் செலவிடும் சக்தியே மிகுதியாகும். மலைநாட்டு நேயர்களுக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை. மழை பெய்து வெயில் எறித்தபின் தளிர் செறிந்து நிற்கும் மலையிலே கொழுந்து பறிப்பவரின் கூடை விரைவில் நிறைகின்றது. வறட்சிக் காலத்திலோ அதே மலையில் இருமடங்கு நடந்தும் கூடை பாதியளவும் நிறைவதில்லை. கால் நோவும் கை நோவுமே மிச்சம். திமிங்கிலத்தின் நிலையும் அதுவே. கடல் எவ்வளவு பரந்ததாயினும் அதற்கு வேண்டுவது இரை செறிந்த சில இடங்களே.

அதற்கு எவ்வளவு உணவு வேண்டும்? நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 தொன் என்று நெடுங்காலம் கணக்கிடப்பட்டு வந்தது. பசிபிக் சமுத்திரத்தின் வடகிழக்குப் பகுதியில் வாழும் நீலத் திமிங்கிலம், இரை மிகுந்த நாளில் 16 தொன் அளவு கிரில் என்னும் சிற்றுயிரை உண்ணக்கூடும் என்று 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. எந்தக் கணக்கைக் கொண்டாலும், இரை செறிந்த இடம் கிடையாவிடில் அதனால் உயிர் வாழ முடியாது என்பது தெளிவு.

அத்தகைய இடங்கள் எவ்வாறு உண்டாகின்றன? கடலின் மேற்பரப்பில் சூரிய ஒளி உண்டு. ஆனால் உரச்சத்துக்கள் குறைவு. உயிரினங்களின் மிச்சங்கள் யாவும் அடியில் தாழ்ந்துவிடுவதால், ஆழத்திலே சத்து உண்டு, ஒளி இல்லை. காற்றும் நீரோட்டமும் மேல்நீரை ஒதுக்கித் தள்ளும்போது, அடியிலுள்ள குளிர்ந்த நீர் சத்துக்களோடு மேலெழுகின்றது. ஒளியும் உரமும் ஒன்றுசேர்ந்தவுடன் கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ண நுண்விலங்குகளும், அவற்றைத் தொடர்ந்து சிற்றிறால்களும் திரள்கின்றன. முடிவிலே திமிங்கிலம் வந்து சேர்கின்றது.

இலங்கையின் தென்கரையில் இந்த ஏற்பாடு நிலத்துக்கு மிக அருகிலேயே அமைந்துள்ளது. மிரிஸ்ஸவுக்கும் தெவுந்தர முனைக்கும் அப்பால், சில கிலோமீற்றர் சென்றதும் கடலடி திடீரெனச் சரிந்து ஆழ்கடலாகின்றது. திருகோணமலையிலோ ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தின் வாயில் வரை நீண்டு வருகின்றது. எனவே இவ்விரு இடங்களிலும் ஆழ்கடற் பிராணியைக் கரையினின்றும் சில மணி நேரப் படகுப் பயணத்திலேயே காணலாம். யாழ்ப்பாணத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள பாக்குநீரிணையில் இது இயலாது. ஆழம் குறைந்த அக்கடல் நீலத் திமிங்கிலம் இரை தேடுதற்கு ஏற்றதன்று.

கரையோரம் இரை தேடுவது வேறு, கரையொதுங்குவது வேறு என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும். 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாணந்துறைக் கடற்கரையில் நூற்றுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்படையினரும் ஊர்மக்களும் இரவெல்லாம் உழைத்து அவற்றுட் பெரும்பாலானவற்றை மீண்டும் கடலிற் சேர்த்தனர். 2016ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டின் திருச்செந்தூர், மணப்பாடு கரைகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒதுங்கியவை பைலட் திமிங்கிலம் எனப்படும் சிறிய, பல்லுடைய இனம். கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்பினவாதலால், ஒன்று வழி தவறினும் ஏனையவும் அதன் பின்னே வந்துவிடுகின்றன. நீலத் திமிங்கிலம் கரையை அணுகுவதோ பசியினால். வழி தவறியதனால் அன்று.

மற்றைச் சமுத்திரங்களில் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் கோடையில் குளிர்ந்த துருவக் கடல்களுக்குச் சென்று வயிறார உண்டு, குளிர்காலத்தில் வெப்பக் கடல்களுக்கு வந்து குட்டி ஈனும் வழக்கமுடையன. இந்து சமுத்திரத்தின் வடபுறத்தே ஆசியாக் கண்டம் மதிலென நிற்கின்றது. அங்கே துருவத்துக்கு வழியில்லை. ஆதலின் இக்கடலின் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே இரை தேடுகின்றன. அவற்றுட் சில, தென்மேற்குப் பருவக்காற்றின்போது சோமாலிய, அராபியக் கரைகளையடுத்து எழும் செழிப்பை நாடிச் சென்று, மார்கழியளவில் மாலைதீவையும் இலங்கையின் தென்கரையையும் கடந்து கிழக்கே வருவனவாக ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். மிரிஸ்ஸவில் மார்கழி முதல் சித்திரை வரை அவற்றை மிகுதியாகக் காணலாம். பின்வரும் மாதங்களில் கடல் கொந்தளிப்பால் அங்கே படகுகள் செல்வதில்லை. ஆதலால் அக்காலத்தில் திமிங்கிலங்களே இல்லையென்று முடிவு செய்தல் ஆகாது.

இவ்வுண்மைகள் வெளிப்பட்ட வரலாறும் சுவையானது. 1979ஆம் ஆண்டில் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. அதையொட்டி, 1980களின் முற்பகுதியில் ‘தூலிப்’ என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சிக் குழு ஒன்று, திருகோணமலைக்கு அருகே எண்ணெய்த் திமிங்கிலங்களையும் நீலத் திமிங்கிலங்களையும் அவதானித்தது. இனப்போர் மூண்டபின் அவ்வாராய்ச்சி நின்றது. 2003ஆம் ஆண்டில் மற்றோர் ஆராய்ச்சிக் கப்பலிற் பணியாற்றிய இலங்கைப் பெண்மணியான ஆஷா டி வோஸ், தென்கரைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்கள் சில ஓரிடத்திற் கூடியிருப்பதைக் கண்டார். அவற்றின் அருகே நீர்மேல் செந்நிறமாக ஏதோ மிதந்தது. அது திமிங்கிலத்தின் சாணம். வெப்பக் கடலில் திமிங்கிலம் உண்பதில்லை என்று நூல்கள் கூறின. உண்ணாத பிராணி சாணமிடுவது எவ்வாறு? அந்த ஒரு கேள்வியே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று. அச்சாணத்திலிருந்த மரபணுக்களை அவரும் பிறரும் ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவே, துருவக் கடல்களிற்போல் கிரிலை அன்றி, கூனியின் குடும்பத்துச் சிற்றிறால்களையே இங்குள்ள நீலத் திமிங்கிலங்கள் பெரிதும் உண்கின்றன என்பதாகும்.

அருவருப்புக்குரியதென ஒதுக்கப்படும் அச்சாணம் கடலுக்கு ஓர் உரம். ஆழத்திலே உண்ட திமிங்கிலம் மேலே வந்து கழிப்பதால், அடியிலுள்ள இரும்பு முதலிய சத்துக்கள் ஒளியுள்ள மேல்நீருக்கு வந்து சேர்கின்றன. அவற்றால் நுண்தாவரங்கள் மேலும் வளர்கின்றன. மாட்டுச் சாணம் மலைக்காய்கறித் தோட்டத்துக்கு எவ்வாறோ, அவ்வாறே திமிங்கிலத்தின் சாணம் கடலுக்கு. அந்நுண்தாவரங்களிலிருந்தே மீனவரின் வலையில் விழும் மீன்களும் தோன்றுகின்றன.

கடல் காணாத மலைநாட்டாருக்கும் இதில் தொடர்பு உண்டு. டிக்கோயாவில் பெய்யும் மழை கெஹெல்கமு ஓயாவில் ஓடி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கி, களனி கங்கையாகிக் கொழும்புக்கு வடக்கே கடலிற் கலக்கின்றது. தலவாக்கலையில் பெய்யும் மழையோ கொத்மலை ஓயா வழியே மகாவலியை அடைந்து, மூதூரை அடுத்த கொட்டியாறு குடாவில் கடலைச் சேர்கின்றது. திருகோணமலைப் பள்ளத்தாக்கு அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. மலையின் வண்டலையும் சத்தையும் ஆறுகள் கரையோரக் கடலுக்குக் கொண்டு செல்கின்றன. ஓடையில் எறியப்படும் பொலித்தீனையும் அவை அவ்வாறே கொண்டு செல்கின்றன. இறாலையும் குப்பையையும் பிரித்தறியும் ஆற்றல் திமிங்கிலத்தின் வடிகட்டிக்கு இல்லை.

முன்னொரு காலத்தில் இத்திமிங்கிலங்களுக்கு நேர்ந்த கேடு வேட்டையால் வந்தது. 1963 முதல் 1966 வரை சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தின் வடபகுதியிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களை இரகசியமாகக் கொன்றன. அந்தக் கணக்கு உலகுக்குத் தெரியவந்தது 1990களிலேயே. இன்று இலங்கைச் சட்டம் திமிங்கிலங்களைப் பாதுகாக்கின்றது. அவற்றைக் கொல்ல எவரும் ஈட்டியுடன் வருவதில்லை. ஆனால் வேறோர் ஆபத்து வந்துள்ளது.

கிழக்காசியாவுக்கும் சுயஸ் கால்வாய்க்கும் இடையே செல்லும் கப்பல்கள் பெரும்பாலும் தெவுந்தர முனையைச் சுற்றியே செல்கின்றன. உலகில் மிகுந்த போக்குவரத்துடைய கடல்வழிகளுள் இதுவும் ஒன்று. கொழும்பிலிருந்து தேயிலை ஏற்றிக் கிழக்கே போகும் கப்பலுக்கும் இதுவே பாதை. கடலடி சரிந்து ஆழமாகும் அந்த இடமே திமிங்கிலத்துக்கு உணவுக்களம். கப்பலுக்குக் கிட்டிய வழியும் அதுவே. உண்டு மேலே வந்து மூச்சு வாங்கி நிற்கும் திமிங்கிலம், விரைந்து வரும் கப்பலுக்கு விலகிக்கொள்ளும் பழக்கம் இல்லாதது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக, தன்னினும் பெரிதான ஒன்று தன்மேல் வந்து மோதும் என்று அஞ்ச அதன் இனத்துக்குக் காரணமே இருக்கவில்லை. 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம், கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த கொள்கலன் கப்பல் ஒன்றின் முகப்பிலே நீலத் திமிங்கிலமொன்றின் உடல் குறுக்காகச் சிக்கியிருந்தது. மோதியவற்றுட் பல கடலிலேயே அமிழ்ந்துபோவதால், கரையில் எண்ணப்படுபவை மிகச் சிலவே.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் திமிங்கிலம் காண வரும் உல்லாசப் பயணிகளும் பெருகினர். அவர்களால் மீனவக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிழைப்புக் கிடைத்தது உண்மை. ஆயினும் பல படகுகள் ஒருங்கே நெருங்கித் துரத்தினால், திமிங்கிலம் இளைப்பாறாமலே மூழ்கிவிடும்; உண்பதும் தடைப்படும். சாப்பாட்டுக்கு அமர்ந்தவனை நான்கு புறமும் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்ப்பது எவ்வூரிலும் நாகரிகம் ஆகாது.

கப்பலால் வரும் ஆபத்துக்குப் பரிகாரம் உண்டு. அப்பாதையை இன்னும் 15 கடல்மைல், அதாவது சுமார் 28 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினால், மோதும் அபாயம் 95 வீதம் குறையும் என 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணித்தது. அவ்வாறு செய்வதால் பயணத்தில் கூடும் தூரம் சிறிதே. திமிங்கிலத்துக்கு மட்டுமன்றி, அதே நீரில் சிறு வள்ளங்களில் தொழில் புரியும் மீனவருக்கும் அது பாதுகாப்பு. கப்பல்கள் விலகிப் போனால் தென்கரைத் துறைமுகங்களின் வருவாய் குறையுமென்று அஞ்சுவோரும் உளர். அவர்களுடைய அச்சத்தையும் கேட்டு விடை காணுதல் முறையே. எனினும் வழியை மாற்றுதல் இயலாததன்று என்பதற்குச் சான்று உண்டு. உலகின் மிகப் பெரிய கப்பற் கம்பனிகளுள் ஒன்றான எம்.எஸ்.சி., 2022ஆம் ஆண்டில் தானாகவே முன்வந்து தன் கப்பல்களை அவ்வாறு தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. எல்லாக் கப்பல்களும் அவ்வாறு செல்லவேண்டுமாயின், கரையோர நாட்டின் அரசு சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் கோரிக்கை விடுக்கவேண்டும். மக்கள் விரும்பாத கோரிக்கையை அரசுகள் விடுப்பதில்லை; மக்கள் அறியாத பொருளை அவர்கள் விரும்புவதும் இல்லை.

பாடசாலைச் சுவரிலே தொங்கும் இலங்கைப் படத்தில் ஆறுகளும் மலைகளும் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். கடலோ வெறும் நீல வர்ணமாகவே விடப்பட்டிருக்கும். ஆசிரியர்கள் அந்த நீலத்தின்மேல் திருகோணமலைப் பள்ளத்தாக்கையும், தெவுந்தர முனைக்குத் தெற்கே ஓடும் கப்பல் வழியையும், அதற்கு அப்பால் ஒரு விரற்கடை தள்ளி அவ்வழி இருக்கத்தக்க இடத்தையும் கரிக்கோலால் வரைந்து காட்டலாம். கப்பல்கள் இன்று செல்லும் வழியைக் குறிக்கும் கோட்டை ஒட்டிய கடலிலே கூனி திரள்கின்றது. திமிங்கிலமும் அங்கே உண்கின்றது.